படகோனியா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள் (பாதிக்கு மேல் நான் செய்தவை)

போன பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் மலையேற்ற ஊரான எல் சால்டேனில் ஒரு ஹாஸ்டல் அடுப்படி. என் பருப்பு வெந்துகொண்டிருந்தது, பக்கத்து மேசையில் இரண்டு கோயம்புத்தூர்ப் பையன்கள் மேப்பை விரித்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி, ஒன்பது வருடம் முன்பு நான் போட்டது, அச்சுப் பிசகாமல். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். ஷூவைப் போட்டுப் பழகிக்கொண்டு போ, டிசம்பர் அங்கே கோடை என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும், விட்டுவிடுகிறேன்.

எல்லையைக் கணக்கில் எடுக்காதது

என் பணத்தை மொத்தமாகத் தின்றது இதுதான்.

படகோனியா ஒரு நாடு இல்லை, சிலியும் அர்ஜென்டினாவும் பங்கு போட்டுக்கொண்ட நிலம். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, அங்கே நேராகத் தெற்கே போவதென்றாலும் சாலை உங்களை இந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக்குமாகத் தைத்துக்கொண்டே போகும் என்பது. சிலிப் பக்கம் கரெத்தேரா ஆஸ்த்ரால் என்ற நெடுஞ்சாலை புவேர்ட்டோ மோன்டில் தொடங்கி 1,240 கிலோமீட்டர் ஓடி வில்யா ஓஹிக்கின்ஸில் நின்றுவிடும். அதற்குத் தெற்கே பனிப்பாறைப் பரப்பு. அங்கிருந்து டொர்ரெஸ் டெல் பைனே தேசியப் பூங்கா இருக்கும் பகுதிக்குச் சிலிக்குள்ளேயே ஒரு சாலை கிடையாது. அர்ஜென்டினாவுக்குள் போய், மறுபடி சிலிக்குள் வர வேண்டும்.

நான் சான்டியாகோவில் இறங்கி, கரெத்தேரா ஆஸ்த்ராலில் மூன்று வாரம் லிஃப்ட் கேட்டு, சிலே சிக்கோவில் எல்லை தாண்டி, அர்ஜென்டினாவின் ரூட்டா 40 நெடுஞ்சாலை வழியாக எல் சால்டேன், எல் கலாஃபாத்தே எல்லாம் பார்த்துவிட்டு, டொர்ரெஸுக்குப் பக்கத்துச் சிலி ஊரான புவேர்ட்டோ நத்தாலெஸுக்குப் பஸ் ஏறினேன். சிலிச் சாவடியில் அதிகாரி பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். விசாவின் மேல் விரலை வைத்து "ஊனா சோலா" என்றார். ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையை நான் சான்டியாகோ விமான நிலையத்திலேயே செலவழித்திருந்தேன்.

விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் "சிங்கிள், மல்டிபிள் எல்லாம் ஒண்ணுதான் சார், தொண்ணூறு நாள் இருக்கே" என்றிருந்தார். அவரைத் திட்டி என்ன பயன், விசாவில் அச்சடித்திருந்ததை நான் படிக்கவில்லை. டிரைவர் என் பையை இறக்கி வைத்துவிட்டு, பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். சரி, திரும்பி அர்ஜென்டினாவுக்குப் போகலாம் என்றால் அந்த விசாவும் ஒருமுறை நுழைவுதான், வெளியேறும் முத்திரை ஒரு மணி நேரம் முன்புதான் விழுந்திருந்தது. அந்தப் பக்கத்து அதிகாரி நல்ல மனுஷர், முத்திரைக்குக் குறுக்கே கோடு போட்டு 'அனுலாதோ' (ரத்து) என்று எழுதி உள்ளே விட்டார். விடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நான் யோசிக்க விரும்பியதில்லை. எல் கலாஃபாத்தேவுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல், காற்றில் நின்று லிஃப்ட் கேட்டே திரும்பினேன்.

போனது: டொர்ரெஸில் நான்கு இரவு முகாம் பணம், புன்டா அரேனாஸிலிருந்து சான்டியாகோ விமானம், அங்கிருந்து ஊர் திரும்பும் டிக்கெட். இவற்றுக்கு மேல் புவெனோஸ் ஐரெஸுக்குப் புது டிக்கெட், அங்கிருந்து ஊருக்கு இன்னொன்று. நாளுக்கு இத்தனை டாலர் என்று ரொட்டியை எண்ணித் தின்றவன் நான், அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு மாதம் சுற்றியிருப்பேன். இப்போதும் யாராவது டொர்ரெஸ் படத்தைப் போட்டால் எனக்கு மலை தெரிவதில்லை, அந்த எல்லைச் சாவடிதான் தெரிகிறது.

பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களிடம் அர்ஜென்டினா விசா மட்டும். உஷுவாயாவுக்குப் பஸ் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். "அர்ஜென்டினாவுல இருந்து அர்ஜென்டினாவுக்குப் போறதுக்கு எதுக்குண்ணா சிலி விசா?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். ஆனால் உஷுவாயா இருக்கும் தியெர்ரா டெல் ஃபுயேகோ ஒரு தீவு, அதிலும் பாதி சிலியுடையது. ரியோ காயேகோஸிலிருந்து போகும் பஸ் சிலிக்குள் நுழைந்து, ஃபெர்ரியில் மெகல்லன் நீரிணையைத் தாண்டி, சான் செபாஸ்டியனில் மறுபடி அர்ஜென்டினாவுக்குள் வரும். அர்ஜென்டினாவின் இந்தத் துண்டுக்கு அர்ஜென்டினா வழியாகச் சாலையே இல்லை. சிலி விசா இல்லையென்றால் உள்நாட்டு விமானம்தான் வழி. அவர்கள் பஸ் டிக்கெட்டைத் திருப்பினார்கள், பாதிப் பணம்தான் வந்தது. நான் இழந்ததோடு பார்த்தால் அது டீச்செலவு.

அதனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு காகிதத்தில் ஊர் ஊராக வழியை எழுதி, ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் எத்தனை முறை நுழைகிறீர்கள் என்று எண்ணுங்கள். சிலிக்கு ஒரு நுழைவுதான் என்றால் சிலியை ஒரே மூச்சில் முடியுங்கள். கரெத்தேரா ஆஸ்த்ராலில் இருக்கும் புவேர்ட்டோ யுங்காயிலிருந்து நத்தாலெஸுக்கு இரண்டு நாள் போல ஓடும் ஃபெர்ரி ஒன்று உண்டு, அது எல்லை தாண்டாது. அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கான சலுகைகள் அவ்வப்போது மாறுகிற சமாச்சாரம், தூதரகத்தின் பக்கத்தில் நேராகப் பாருங்கள். நண்பனின் மச்சான் போன வருடம் எப்படிப் போனான் என்பது உங்களுக்கு உதவாது.

மலைக்குக் கூடாரம் வாங்குவது

காற்றுக்கு வாங்குங்கள். அங்கே மலையேற்றப் பாதைகள் பெரிய உயரம் இல்லை, டொர்ரெஸின் முழுச் சுற்றில் வரும் மிக உயர்ந்த கணவாயே 1,200 மீட்டர் போலத்தான். கோடையில்தான் காற்றின் ஆட்டம் அதிகம், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கும். மலிவுக் கூடாரத்தின் கம்பி முறிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டாவது முறை அது என்னுடையது. நல்லதை வாங்கக் காசில்லையா, நத்தாலெஸில் வாடகைக்கு எடுங்கள். பொன்சோ (தலைவழியாகப் போடும் மழைப்போர்வை) வேண்டாம், காற்றில் தலைக்கு மேலே போய்விடும். குடையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழைய பதிவுகளை நம்புவது

"எல்லாம் இலவசம், போய்ப் பார்த்துக்கலாம்" என்பது பழைய கதை. டொர்ரெஸில் முகாமிட முன்பதிவு கட்டாயம், முன்பு இருந்த இலவச முகாம்களை நம்பி நடக்காதீர்கள். எல் சால்டேன் பாதைகளுக்கும் 2024 கடைசியில் கட்டணம் வந்துவிட்டது. ஜனவரி, பிப்ரவரி சிலியில் பள்ளி விடுமுறை, அதனால் கரெத்தேரா ஆஸ்த்ராலில் லிஃப்ட் கேட்கக்கூட வரிசை நிற்கும், பையோடு உள்ளூர்ப் பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். மார்ச்சில் போங்கள். கூட்டமும் குறையும், காற்றும் கொஞ்சம் இறங்கும்.

கார்டு மட்டும் வைத்திருப்பது

எல் சால்டேன் ஏடிஎம்மில் பணம் தீரும். எல் கலாஃபாத்தேவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சிலியில் வெளிநாட்டவர் டாலரிலோ வெளிநாட்டுக் கார்டிலோ கொடுத்தால் பதிவுபெற்ற தங்குமிடங்களில் 19 சதவீத வரி கிடையாது. பாஸ்போர்ட்டோடு எல்லையில் கொடுக்கும் நுழைவுச் சீட்டையும் காட்டச் சொல்வார்கள். அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

பையில் பழம்

சிலி எல்லையில் பழம், காய், தேன், இறைச்சி இருந்தால் படிவத்தில் 'ஆம்' என்று போடுங்கள், பிடுங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம்.

பெரிட்டோ மொரேனோவுக்கு டிக்கெட்

அந்தப் பெயரில் ஊர் வேறு, பனிப்பாறை வேறு. நடுவே பல நூறு கிலோமீட்டர்.

நெருப்பு

கூடாது. 2011 டிசம்பரில் டொர்ரெஸில் ஒரு பயணியால் பிடித்த தீ, சுமார் 17,000 ஹெக்டேரை எரித்தது. கரிந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன.

புது கேஸ் கேனிஸ்டர் வாங்குவது

விமானத்தில் கொண்டு போக முடியாது, அதனால் நத்தாலெஸில் இறங்கியதும் எல்லாரும் கடைக்கு ஓடுகிறார்கள். முதலில் ஹாஸ்டலில் கேளுங்கள். மலையிலிருந்து இறங்கி ஊருக்குப் போகிறவர்கள் பாதி தீர்ந்ததை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். குலுக்கிப் பாருங்கள், உங்கள் அடுப்புக்குச் சேரும் மரை இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய என் பருப்பும் அப்படி யாரோ விட்டுப்போன கேஸில் வெந்ததுதான்.