சம்பா அறுவடைக்கு முன்பே தட்டைப்பயறு தெளித்துவிடுங்கள்

டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னதாக, நிற்கும் நெல்லுக்குள்ளேயே தீவனத் தட்டைப்பயறைத் தெளித்துவிடுங்கள். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ போதும். உழவுக் கூலி மிச்சம், தனியாகத் தண்ணீர் கட்டவும் வேண்டாம். 50-55 நாளில் பாதிச் செடி பூத்ததும் அறுத்து மாட்டுக்குப் போடலாம். வைக்கோலை மட்டுமே தின்று கிடக்கும் மாட்டுக்குப் புரதம் கிடைப்பது இதில்தான்.

களிமண் வயலில் எஞ்சியிருக்கும் ஈரமும், அதன்பின் இறங்கும் பனியும் பயறை வளர்த்துவிடும். வேர் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்வதால் யூரியா தேவைப்படாது. விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து பிசறி, நிழலில் உலர்த்தித் தெளித்தால் முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

பதம்தான் முக்கியம். மண் மெழுகுபோல் இருக்க வேண்டும். நடந்தால் பாதம் லேசாகப் பதியலாம், தடத்தில் தண்ணீர் ஊறினால் விதை அழுகிவிடும். காய்ந்து வெடிப்பு விட்டிருந்தால் முளைக்காது.

மணற்பாங்கான வயலுக்கு இது சரிவராது, ஈரம் நிற்காது. அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்கினால் சக்கரத் தடத்தில் முளைத்ததெல்லாம் நசுங்கிவிடும். அங்கே ஆள் வைத்து அறுப்பதானால் மட்டும் தெளியுங்கள்.

பனி ஈரத்தோடு பச்சையாகத் தட்டைப்பயற்றுச் செடியை மட்டும் மாட்டுக்குப் போடாதீர்கள், வயிறு உப்பிவிடும். சற்று வாடவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு வைக்கோலோ புல்லோ கலந்து போடுங்கள்.