இயன்முறை மருத்துவத்தோடு பொது உடல்நலத்தையும் சேர்த்துக் கவனிப்பது எப்படி

கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் வருகிறவரின் தோளை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால், சிகிச்சையில் ஒரு பெரும்பகுதி விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. உறைதோள் என்னும் அந்த இறுக்கம் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. தமக்குச் சர்க்கரை இருப்பதையே அறியாதவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே, "கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள்?" என்ற கேள்வியும் தோள் சிகிச்சையைச் சேர்ந்ததே. அதைக் கேட்பதற்கு இயன்முறை மருத்துவரைவிட (பிசியோதெரபிஸ்ட்) நல்ல வாய்ப்பு வேறு பலருக்கு இல்லை. ஏனெனில் ஒரே நோயாளியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பல வாரங்கள் தொடர்ந்து, அவசரமின்றிச் சந்திக்கிறவர் அவர்தான்.

முதல் நாளிலேயே ரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வந்தவுடன் அளக்காமல், நோயாளியை ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கலாக வைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளக்க வேண்டும். கைப்பட்டையைச் சட்டையின் மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் மறுபடியும் அளந்து பாருங்கள். அடுத்தடுத்த வருகைகளிலும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அளவுகளை எழுதிக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். 180/120-ஐத் தாண்டியதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் போன்றவையும் இருந்தால், பயிற்சியைத் தொடங்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்து, தூக்கம், புகைப்பழக்கம், அன்றாட நடமாட்டம், மனநிலை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். நான்கையும் ஒரே நாளில் படிவம் நிரப்புவதுபோல் கேட்பதைவிட, மூட்டுகளை அசைத்துக்கொண்டிருக்கும்போது இயல்பாகக் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும் என்பது என் கருத்து. தூக்கம் கெட்டால் வலி கூடுதலாக உறைக்கிறது. புகைப்பிடித்தால் முறிந்த எலும்பு கூடுவது தாமதமாகிறது. இவ்வாறு, நோயாளி எந்தத் தொல்லைக்காக வந்தாரோ அதனோடு இணைத்துச் சொன்னால் அறிவுரை உபதேசமாக ஒலிக்காது.

கால் வலுவை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நோயாளி கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை விரைவாக எழுந்து உட்கார எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அவர் தடுமாறினால் பிடித்துக்கொள்ள அருகிலேயே நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலு குறைந்திருக்கலாம் என்று கொள்ளலாம். சில வாரங்கள் கழித்து அதே நாற்காலியில் மீண்டும் அளந்து, இரண்டு எண்களையும் நோயாளியிடம் காட்டுங்கள். தம் உடல் தேறுவதை எண்ணில் பார்க்கிறவர்கள் பயிற்சியை எளிதில் கைவிடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. முழங்கால் வலியோடு வந்தவரிடம் இந்த அளவை எடுத்த எடுப்பில் சொன்னால் மலைத்துப்போவார். அவரால் இப்போது வலி கூடாமல் பத்து நிமிடம் நடக்க முடியுமானால் அதிலிருந்தே தொடங்குங்கள். எந்த மாற்றத்தை முதலில் செய்வது என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்று போதும். அடுத்த வருகையில் அதைப் பற்றி மறவாமல் கேளுங்கள். கேட்காமல் விட்டால், அது முக்கியமில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

மாத்திரையின் அளவை மாற்றச் சொல்வதும், சர்க்கரை நோயாளிக்கோ சிறுநீரக நோயாளிக்கோ உணவுப் பட்டியல் வகுத்துத் தருவதும் இயன்முறை மருத்துவர்களான நம் எல்லைக்கு அப்பாற்பட்டவை. வாழ்வில் பிடிப்பில்லை என்று ஒருவர் சொன்னால், பயிற்சியை நிறுத்திவிட்டு முழுமையாகக் கேட்டு, தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே விசாரித்து, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். அனுப்பும் கடிதத்தில் நீங்கள் அளந்த எண்களையும் நாட்களையும் குறிப்பிட்டு, அதன் நகலை நோயாளியின் கோப்பில் வைத்து, அவர் மருத்துவரைப் பார்த்தாரா என்பதை அடுத்த சந்திப்பின் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.