வீட்டுக்கல்விக்கு வீடியோ சந்தா வாங்கலாமா? காசு கட்டும் முன் நான் செய்து பார்ப்பது

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்வி வீடியோ தளத்துக்கு ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். 12 மாதம் முடிந்ததும் பார்த்த பட்டியலை எடுத்து எண்ணினேன். உருப்படியாகப் பயன்பட்டவை 37 வீடியோக்கள். அதில் 19 டைனோசர்.

தளத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கோளாறு. போன மாதம் இன்னொன்றை எடுப்பதற்கு முன் நிதானமாகச் சில சோதனைகள் செய்து பார்த்தேன், இந்த முறை தப்பித்தேன். அதைத்தான் எழுதுகிறேன். வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டதாகவும், இன்டர்நெட் ஒழுங்காக வருவதாகவும் வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்

"அறிவியலுக்கு" என்று எழுதினால் செல்லாது. "பின்னம் எனக்கே விளக்க வரவில்லை" என்பது வரி. "ஆய்வுக்கூடம் இல்லாமல் வேதிவினையை எப்படிக் காட்டுவது?" என்பது வரி. "காலையில் ஒரு மணி நேரம் சின்னவனோடு போய்விடுகிறது, அந்த நேரம் பெரியவள் தானாகப் படிக்க ஏதாவது வேண்டும்" என்பதும் வரிதான். இந்த மூன்றாவதைப் பலர் வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். சொல்லாமல் மறைத்தால் தப்பான சந்தாதான் வந்து சேரும்.

வரியை எழுதியதுமே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாடங்களை வரிசையாக அடுக்கிப் பயிற்சியும் சேர்த்துத் தரும் தளம் ஒரு வகை. ஆவணப்படம் மாதிரி ஆயிரக்கணக்கில் குவித்து வைத்திருக்கும் தளம் இன்னொரு வகை. இரண்டாவது ஒரு நூலகம். நூலகம் பாடம் நடத்தாது. நான் பின்னத்துக்காக நூலகத்தை வாங்கிவிட்டு, அது கணக்கு சொல்லிக்கொடுக்கவில்லை என்று கோபப்பட்டவள்.

படி 2: இலவசமாகக் கிடைப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்

கணக்குக்குக் கான் அகாடமி. சல்மான் கான் (நடிகர் இல்லை, அமெரிக்கக் கல்வியாளர்) 2004-இல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, 2008-இல் லாப நோக்கற்ற அமைப்பாக ஆனது. பாடமும் பயிற்சியும் இலவசம். இயற்பியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET). நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. அது வீடியோ இல்லை, பிள்ளை கையால் இழுத்து மாற்றிப் பார்க்கிற மாதிரிகள். எனக்கு அதனாலேயே வீடியோவைவிட ஒரு படி மேல். பொது நூலக அட்டை இருந்தால், அந்த அட்டைக்கே ஏதாவது வீடியோ சேவை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல நூலகங்கள் வைத்திருக்கின்றன.

நீங்கள் வரியில் எழுதிய தேவை இவற்றிலேயே தீர்ந்துவிட்டால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: ஃப்ரீ டிரையலில் பிடிக்காத பாடத்தைப் போடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் முறை டிரையல் கிடைத்ததும் மகளிடமே கொடுத்து, "உனக்குப் பிடிக்கிறதா பார்" என்றேன். ஒரு வாரம் டைனோசர். கண் இமைக்காமல் பார்த்தாள், சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. பிள்ளை எவ்வளவு ஆர்வமாகக் கற்கிறது என்று பூரித்துப்போய்ப் பணத்தைக் கட்டினேன். அவளுக்கு டைனோசர் ஏற்கெனவே தலைகீழ்ப் பாடம். எந்தத் தளம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பாள் என்பது பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது மாதம் பின்னத்துக்கு வந்தோம். வீடியோவில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார், இரண்டு நொடி நிறுத்துகிறார், பதில் திரையில் துள்ளி வருகிறது. அந்த நொடியில் இவளும் சத்தமாகப் பதில் சொல்கிறாள். பக்கத்து அறையில் இருந்த எனக்கு, பிள்ளை பளிச் பளிச்சென்று பதில் சொல்வது போலவே கேட்டது. மறுநாள் காலையில் சும்மா கேட்டேன், "முக்கால் பெரிசா, எட்டில் ஐந்து பெரிசா?"

"எட்டில் ஐந்து."

"எப்படி?"

"அஞ்சும் எட்டும் பெரிய நம்பர்மா."

அவள் திரையைப் படித்திருக்கிறாள், பின்னத்தைப் படிக்கவில்லை. இப்போது டிரையலில் நான் செய்வது இது:

1. மூன்று பாடங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்று, கொஞ்சமும் தெரியாதது ஒன்று, பார்த்தாலே முகம் சுளிப்பது ஒன்று. பிடித்தது எதுவும் வேண்டாம்.

2. ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். அணைக்கும் வழியே இல்லாத தளம் என்றால் எனக்கு அங்கேயே பாதி மதிப்பெண் போய்விடும்.

3. முதல் வீடியோவைக் கூட உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்ட உடனே நீங்கள் நிறுத்துங்கள். பதில் திரையில் வருவதற்கு முன் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறதா?

4. அன்று எதுவும் கேட்காதீர்கள். மறுநாள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நேற்று பார்த்ததை எனக்கு வரைந்து காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். துப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. இந்த இடத்தில் என் வாய் அரிக்கும், உங்களுக்கும் அரிக்கும்.

ஏன் மறுநாள்? 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு சாரார் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். பார்த்த சூட்டோடு கேட்டால் எல்லா வீடியோவும் நல்ல வீடியோதான். நான் அந்தச் சூட்டில்தான் சந்தா கட்டினேன்.

போன மாதம் இரண்டு தளங்களை இப்படிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் அனிமேஷன் பிரமாதம். மறுநாள் தாளில் அந்தக் கார்ட்டூன் நரி மட்டும் அழகாக வந்தது. இன்னொன்று ஒரு மேசை, ஒரு ஆசிரியரின் கை, அவ்வளவுதான். ஆனால் பாதியிலேயே "நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தை மடி" என்று சொல்கிறார்கள். மறுநாள் மகள் வரையவே இல்லை. நீளமாக ஒரு துண்டு காகிதம் கிழித்தாள், நாலாக மடித்தாள், பிரித்து மறுபடி எட்டாக மடித்தாள். மடிப்புகளை விரலால் எண்ணி, "முக்கால்னா இங்க ஆறு கட்டம் வருது, அப்ப அதான் பெரிசு" என்றாள். சரி, அதையே எடுத்தேன்.

நீளத்தையும் கவனியுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்லூரிப் பாடத் தளத்தின் வீடியோக்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்களில் பாதிப் பேராவது ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள்! அரை மணி நேரப் பாடமாக இருந்தால், நடுவில் எங்கே நிறுத்துவது என்று நீங்கள் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். அந்த நேரம் அடுத்த படியில் கணக்கில் வரும்.

படி 4: உங்கள் நிமிடங்களை எண்ணுங்கள்

ஒரு பாடத்துக்கு நீங்கள் எத்தனை நிமிடம் கூட இருக்க வேண்டியிருந்தது? தேடுவதற்கு, நிறுத்துவதற்கு, பயிற்சித்தாள் தயாரிப்பதற்கு, எல்லாம் சேர்த்து. இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். கோடு போட்ட நோட்டில் தேதி, பாடம், அவள் நிமிடம், என் நிமிடம் என்று நாலு கட்டம் போதும். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆரம்பித்தேன், மூன்றாம் நாளே நிறங்கள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

படி 1-இல் நீங்கள் எழுதியது "எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்" என்றால், 20 நிமிடப் பாடத்துக்கு 25 நிமிடம் உங்களைக் கேட்கும் தளம், தரமாகவே இருந்தாலும், உங்களுக்கு ஆகாது.

சின்ன விஷயம் ஒன்று: ஹெட்போன் கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரில் ஓடினால்தான் அடுத்த அறையிலிருந்தே பாடம் நடக்கிறதா, வேறு ஏதாவதா என்று காது சொல்லிவிடும். கைபேசியைவிட லேப்டாப் மேல். பக்கத்தில் நோட்டு வைக்க மேசை தேவைப்படும், பிள்ளை தானாகவே நிமிர்ந்து உட்காரும்.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் நான் சந்தாவே சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து பார்க்கும் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த ஒரு மணிக்கு இலவசமே ஏராளம்.

படி 5: பணம்

"மாதத்துக்கு இவ்வளவு மட்டுமே" என்று பெரிதாகப் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் "ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படும்" என்று இருக்கிறதா பாருங்கள். மாதச் சந்தா கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் அதையே எடுங்கள். சந்தாத் தொகையை 12-ஆல் வகுப்பது தளத்தின் கணக்கு. மறுநாள் தாளில் தேறிய பாடங்களின் எண்ணிக்கையால் வகுப்பது நம் கணக்கு. என் 37 வீடியோவில் அப்படித் தேறியவை ஒன்பதோ பத்தோ. வகுத்து வந்த தொகையை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ரத்து செய்யும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே கண்டுபிடித்து வையுங்கள். ஒரு டிரையலில் நான் ஆப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆப் போனது, சந்தா போகவில்லை, பணம் எடுத்துவிட்டார்கள். கைபேசியின் ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அந்த ஸ்டோரின் சந்தா பக்கத்தில் போய்த்தான் நிறுத்த வேண்டும். ஆப்பிள் சாதனம் என்றால் டிரையல் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே. சில சேவைகளில் இன்றே ரத்து செய்தாலும் டிரையல் கடைசி நாள் வரை ஓடும், சிலவற்றில் அந்த நொடியே மூடிவிடும். அழுத்தும் முன் அந்தப் பக்கத்தில் போட்டிருப்பதைப் படித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

இரண்டு பிள்ளைகள் உள்ள ஒருவர் எழுதியிருந்தார்: ப்ரொஃபைல் நாலு கொடுத்தார்கள், ஆனால் ஒரே நேரத்தில் ஒரு திரைதான் ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு எண்கள். டிரையலிலேயே இரண்டு கருவிகளில் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

டவுன்லோட் செய்து வைத்தால் நம்முடையதுதானே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பொதுவாக இல்லை. அது ஆப்புக்குள்ளேதான் ஓடும், சந்தா முடிந்தால் அதுவும் நின்றுவிடும்.

மூன்றாவது, நான் யோசிக்காதது. கணக்கை மூடியதும் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையும் போய்விட்டதாம். வீட்டுக்கல்விச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் காலாண்டு அறிக்கை கேட்கிறது, பென்சில்வேனியா செய்த வேலைகளின் தொகுப்பைக் கேட்கிறது. உங்கள் ஊரில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை பிடிஎஃப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். நான் கூடவே அந்த வெள்ளைத்தாள்களையும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். எட்டாக மடித்த அந்தக் காகிதத் துண்டைச் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். நரியும் உள்ளே இருக்கிறது, எடுக்கக் கூடாது என்று உத்தரவு.