கையில் அடிபட்டால், எந்தக் காயத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டும்?

தொழிற்சாலையில் ஒருவருக்குக் கையில் அடிபட்டவுடன், எத்தனை தையல் போட்டார்கள், எலும்பில் முறிவு உண்டா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அரசுக்கு அறிவிக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய இந்தக் கேள்விகள் மட்டும் போதாது. உயிரிழப்பு நேராத விபத்தில் சட்டம் முதன்மையாகப் பார்ப்பது, அடிபட்டவர் விபத்தைத் தொடர்ந்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாமல் போனாரா என்பதையே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவில் இருந்த இந்த அளவுகோல், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பின் 10ஆம் பிரிவிலும் அப்படியே தொடர்கிறது. ஆகவே உள்ளங்கையில் நான்கு தையலுடன் மறுநாள் காலையே வழக்கமான வேலைக்குத் திரும்பியவரின் காயம் இந்த 48 மணி நேரக் கணக்கில் வராமல் போகலாம்; ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் மணிக்கட்டு வீங்கி மூன்று நாள் படுத்தவரின் காயம் கட்டாயம் வரும்.

கணக்கிடும் முறையில்தான் தவறுகள் நேர்கின்றன. பவர் பிரஸ்ஸில் (உலோகத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இயந்திரம்) வேலை செய்யும் ஒருவரின் வலது ஆள்காட்டி விரல் நுனி சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு டைக்கு (அச்சுக்கு) இடையில் சிக்கி நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு வார விடுமுறை. திங்கட்கிழமையும் அவரால் வர முடியவில்லை. "ஞாயிற்றுக்கிழமை எப்படியும் லீவுதானே, போனது ஒரு நாள்தான்" என்று அலுவலகத்தில் கணக்குப் போடுவார்கள். சட்டம் கேட்பது அவரால் வேலை செய்ய இயன்றதா என்பதை. அன்று ஷிப்ட் இருந்ததா என்பதை அல்ல. ஞாயிறன்று வேலைக்கு அழைத்திருந்தால் அந்த விரலோடு அவரால் பிரஸ்ஸில் நின்றிருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் திங்கட்கிழமை பிற்பகல் 3 மணியோடு 48 மணி நேரம் நிறைந்துவிட்டது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அறிவிப்பு போக வேண்டும். முதல் இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் விரலில் சீழ் கோத்து ஒருவர் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது பழைய முடிவை அப்படியே விடாமல், விதிகளைப் பார்த்து மறுபடி கணக்கிட வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அடிபட்டவரைக் கட்டுப் போட்ட கையோடு வரவழைத்து, ஸ்டோர் வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள். விபத்தில்லா நாட்களின் எண்ணிக்கையைக் காட்டும் பலகை கேட்டருகே தொங்கும் இடங்களில் இந்த ஆசை சற்று அதிகம். இதில் நட்டமடைபவர் தொழிலாளிதான். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விதிகளின்படி, வேலை செய்த நாளுக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு நாளுக்கும் தற்காலிக ஊனப் பயன், அதாவது காயத்தால் வேலை செய்ய இயலாத நாட்களுக்குத் தரும் பணம், கிடையாது. ஓய்வு தேவை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த நாளில் பதிவேடு அவரை வேலையில் இருந்தவராகக் காட்டினால், பின்னால் விசாரணை வரும்போது இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பொய்யாக்கும்.

ஈ.எஸ்.ஐ.யின் அளவுகோல் தனியானது. மேற்சொன்ன 48 மணி நேரத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலையின்போது நேர்ந்த காயத்தைத் தொழிலாளி வாய்மொழியாகச் சொன்னாலே போதும். அது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். உறுப்பிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்படும் என்று தோன்றினால் விபத்து அறிக்கையை உடனடியாக அனுப்ப வேண்டும். மற்றவற்றுக்குத் தகவல் தெரிந்ததிலிருந்து 48 மணி நேர அவகாசம் உண்டு. இங்கே 48 மணி என்பது அறிக்கை அனுப்புவதற்கான கெடு, அங்கே அது வேலை செய்ய இயலாத காலம். எண் ஒன்றாக இருப்பதால் அனுபவமுள்ள எழுத்தர்களும் தடுமாறுகிறார்கள். விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் இயலாமை நீடித்தால்தான் தற்காலிக ஊனப் பயன் கிடைக்கும். ஆனால் அது தொழிலாளியின் உரிமை பற்றிய நிபந்தனையே தவிர, அறிக்கை அனுப்பாமல் இருப்பதற்கான காரணம் ஆகாது. அடிபட்டவர் கான்ட்ராக்ட் ஆள் என்பதும் காரணம் ஆகாது.

எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியாத காயங்களை அறிவித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. எந்த முடிவு எடுத்தாலும் பதிவேட்டில் "கை நசுங்கியது" என்று மொட்டையாக எழுதி முடிக்காதீர்கள். எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது கணு, எலும்பு போனதா, சதை மட்டும் போனதா என்பதை அன்றைக்கே எழுதுங்கள். ஏனென்றால் ஈ.எஸ்.ஐ.யின் ஊன அட்டவணையில் ஆள்காட்டி விரலின் நுனி, எலும்பு சேதமின்றித் துண்டானால் சம்பாதிக்கும் திறன் இழப்பு 5 சதவீதம், ஒரு கணு போனால் 9 சதவீதம், முழு விரலும் போனால் 14 சதவீதம். கட்டைவிரல் போனால் 30 சதவீதம்.