பக்கத்து வீட்டு அலாரம் அலறும்போது

இங்கிலாந்தில் வீடு எடுக்கும்போது கிச்சனைப் பார்க்கிறோம், ஹீட்டிங்கைப் பார்க்கிறோம். முன்சுவரில் இருக்கும் திருட்டு அலாரம் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. சாவி வாங்கும் அன்றே அதன் கோட் எண்ணை வீட்டுக்காரரிடமோ ஏஜென்ட்டிடமோ கேட்டு வாங்குங்கள். "அனுப்பி வைக்கிறேன்" என்றால் விடாதீர்கள். அவர் நிற்கும்போதே ஒருமுறை அடிக்கவிட்டு, நீங்களே எண்ணை அழுத்தி நிறுத்திப் பாருங்கள்.

நம்மவர்கள் பலர் நகைக்குப் பயந்துதான் அலாரம் போடுகிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் அலாரம் அடித்தவுடன் போலீஸ் வந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள். கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைத்து, போலீஸில் பதிவு எண் வாங்கிய அலாரங்கள் வேறு கதை. சத்தம் மட்டும் போடும் சாதாரண அலாரத்துக்கு, திருட்டு நடப்பதை யாராவது பார்த்துச் சொன்னால் ஒழிய அவர்கள் பொதுவாக வரமாட்டார்கள்.

ஆகவே ஊருக்குப் போகும்போது பக்கத்திலேயே இருக்கும் ஒருவரிடம் சாவியும் கோட் எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் லண்டனில் இருக்க, லெஸ்டரில் இருக்கும் சித்தப்பாவிடம் சாவி இருந்து என்ன பயன்? 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் அறிவித்த சில பகுதிகளில் இப்படி ஒருவரைப் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் பகுதி அதில் வருகிறதா என்று கவுன்சிலிடம் கேளுங்கள். அங்கே அலாரம் விடாமல் 20 நிமிடமோ, விட்டுவிட்டு ஒரு மணி நேரமோ அடித்து, சாவி வைத்திருப்பவரையும் பிடிக்க முடியாவிட்டால் அதிகாரிகள் வந்து நிறுத்தலாம். பூட்டை உடைக்க நீதிமன்ற வாரண்ட் வேண்டும். செலவு உங்கள் தலையில்தான் விழும்.

காரணமே இல்லாமல் அடிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் பேட்டரிதான். உள்ளே இருக்கும் பேட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும். கீபேட் இடையிடையே 'பீப்' என்று கத்துவது அதற்காகத்தான். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்த முறை கரண்ட் போகும்போது வெளிப்பெட்டி, யாரோ வயரை வெட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு தன் சொந்த பேட்டரியில் அலறும். சென்சார் மேல் ஊரும் சிலந்தி, பிறந்தநாளுக்குக் கட்டிய கேஸ் பலூன், இவையும் அலாரத்தைக் கிளப்பும்.

சரி, அடிப்பது பக்கத்து வீட்டு அலாரம் என்றால்? முதலில் வெளியிலிருந்தே கதவு, ஜன்னலைப் பாருங்கள். உடைந்திருந்தாலோ உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தாலோ அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள், உள்ளே போகாதீர்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் கதவைத் தட்டுங்கள், அடுத்த வீட்டில் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏணி வைத்து ஏறி வயரை வெட்டும் வீரம் மட்டும் வேண்டாம்: சத்தமும் நிற்காது, அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கும் வரலாம்.

யாருமே இல்லையா? கவுன்சிலின் சத்தப் புகார்ப் பிரிவைக் கூப்பிடுங்கள். சில கவுன்சில்களில் இரவிலும் ஆள் உண்டு. அடிக்கடி நடந்தால் தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள், போனில் பதிவும் செய்யுங்கள். "ராத்திரி பூரா அடித்தது" என்று சொல்வதைவிட "2.10க்குத் தொடங்கி 3.25க்கு நின்றது" என்றால் அதிகாரி பேனாவை எடுப்பார்.