கடை போர்டுக்கு முறையான டிராயிங் போடுவது எப்படி? தனியாகத் தொழில் தொடங்கும் டிசைனர்களுக்கு

கோரல்டிரா தெரிந்த தம்பி தங்கைகளுக்கு நம்ம கொங்குப் பக்கம் பஞ்சமில்லை. கல்யாண பிளக்ஸில் ஆரம்பித்து, கடை போர்டு, அப்புறம் பனியன் கம்பெனி, ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் என்று வேலை மெல்லப் பெரிசாகும். அந்தக் கட்டத்தில்தான் எதிர்முனையில் இருந்து ஒரு கேள்வி வரும்: "டிசைன் நல்லா இருக்குதுங்க. இன்ஜினியர் டிராயிங் எப்பங்க தருவீங்க?" இதைக் கேட்டவுடன் பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் டிசைனிலேயே நான்கு அளவுக்கோடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். முதலிலிருந்து பார்க்கலாம்.

ஏன் கேட்கிறார்கள்? 2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை வேலையின்போது இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டு மே 13 அன்று மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி பலகை ஒன்று காற்றில் பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் உயிர் போனது. அதற்கப்புறம் பெரிய பலகை என்றாலே உறுதிச் சான்று எங்கே என்று அதிகாரிகளும் கேட்கிறார்கள், கட்டட உரிமையாளரும் கேட்கிறார். கேட்க வேண்டியதுதான். கீழே நிற்பவர்கள் நம்ம ஆட்கள்.

முதலில் தெளிவாக வேண்டியது: டிராயிங் மூன்று வகை

வாடிக்கையாளர் பார்த்துத் தலையாட்டுவதற்கு ஒரு படம். நிறம், எழுத்து, கடை முகப்பில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, பட்டறைக்காரர் கையில் வைத்துக்கொண்டு வெட்டி, வெல்டு வைத்து, மாட்டுவதற்கான டிராயிங். மூன்றாவது, கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு, சரிபார்த்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்த டிராயிங்.

முதல் இரண்டும் நீங்கள் போடலாம். மூன்றாவதை நீங்கள் போடக்கூடாது. ஆனால் உங்கள் இரண்டாவது டிராயிங் ஒழுங்காக இருந்தால், அதே தாளில் பொறியாளர் தன் விவரத்தைச் சேர்த்து மூன்றாவதாக்கிவிட முடியும். தனியாகத் தொழில் செய்பவருக்கு இந்த இரண்டாவது டிராயிங்கில்தான் மதிப்பு கூடுகிறது. படம் போட ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பட்டறைக்காரர் திரும்ப போன் பண்ணிச் சந்தேகம் கேட்காத டிராயிங் போடுபவர் குறைவு.

விளக்கத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பல்லடத்தில் ஒரு ஜவுளிக்கடை. முகப்பில் 20 அடிக்கு 4 அடி ஏசிபி (இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய ஷீட்) போர்டு, மேலே எல்இடி எழுத்து. ரோட்டோரம் சொந்த இடத்தில் 20 அடி உயரக் கம்பத்தில் 8 அடிக்கு 6 அடி போர்டு ஒன்று.

படி 1: இடத்துக்குப் போய் அளவெடுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவை நம்பி அளவு போடாதீர்கள். டேப், லேசர் மீட்டர், ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முகப்பின் நீளத்தை இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். பழைய கட்டடங்களில் மூன்றும் ஒன்றாக இருக்காது.

அதைவிட முக்கியம், போர்டு எதில் மாட்டப்போகிறது என்பது. கான்கிரீட் பீமா, செங்கல் சுவரா, ஹாலோ பிளாக்கா, மொட்டைமாடி கைப்பிடிச்சுவரா? கான்கிரீட்டில் பிடிக்கிற ஆங்கர் போல்ட் ஹாலோ பிளாக்கில் அப்படிப் பிடிக்காது. 4½ அங்குலக் கைப்பிடிச்சுவரில் பெரிய போர்டை நேரடியாகத் தொங்கவிட்டால் சுவரோடு சேர்ந்து கீழே வரும். சுவரைத் தட்டிப் பாருங்கள், கட்டிய மேஸ்திரியைக் கேளுங்கள், தெரிந்ததை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மின்கம்பி போகிறதா, ஷட்டர் பெட்டி எங்கே, கம்பம் நடும் இடம் பட்டா நிலமா நெடுஞ்சாலைத் துறையின் எல்லையா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிறகு ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய் நின்று, போர்டு எங்கிருந்து கண்ணில் படும் என்று பாருங்கள். கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு, கீழே போகிற வண்டிக்குத் தூண்கள் இடையில் வருகின்றன, மேலே போகிற வண்டிக்குப் பார்வைக் கோணமே வேறு. அங்கே பழைய போர்டின் உயரத்தை அப்படியே திரும்பப் போட்டால் காசு வீண்.

படி 2: எழுத்து

எழுத்தின் உயரத்துக்கு போர்டு தொழிலில் ஒரு வழக்கமான கணக்கு உண்டு. 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். 200 அடியிலிருந்து நன்றாகப் படிக்க வேண்டுமென்றால் 20 அங்குலம். இது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்து வந்த கணக்கு. தமிழில் சுழியும் கொம்பும் இருப்பதால் நான் கொஞ்சம் கூட்டியே வைப்பேன்.

"எழுத்து உயரம் 18 அங்குலம்" என்று மட்டும் எழுதினால் தமிழில் அது பாதித் தகவல்தான். எந்த 18? ட, ப போன்ற எழுத்தின் உடல் உயரமா? மேலே 'கி'யின் விசிறியும் கீழே 'ழு'வின் காலும் சேர்த்தா? இரண்டுக்கும் வித்தியாசம் அரை அடிக்கு மேல் கூடப் போகலாம், போர்டுக்கு வெளியே கால் நீட்டும். அதனால் அடிக்கோடு, உடல் மேல்கோடு, எல்லாவற்றுக்கும் உச்சி, எல்லாவற்றுக்கும் அடி என்று நான்கு கோடு போட்டு ஒவ்வொன்றுக்கும் அளவு கொடுங்கள்.

அடுத்தது புள்ளி. எல்இடி எழுத்து செய்யும் பட்டறையில் "ஏனுங் தம்பி, புள்ளிக்கு லைட்டு எங்கீருந்துங் வரும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'ஸ்டோர்ஸ்' என்ற சொல்லை எடுங்கள். ஆங்கிலத்தில் 6 எழுத்து, எழுத்துக்கு ஒன்றாக 6 லைட்டுப் பெட்டி. தமிழில் ஸ, ஏகாரக் கொம்பு, ட, கால், ர, ஸ என்று 6 உடல், மேலே 3 புள்ளி, மொத்தம் 9 பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒயர் துளை வேண்டும், தனியாகப் பிடிமானம் வேண்டும். 3 எல்இடி உள்ள சாதாரண மாட்யூல் ஏறக்குறைய 70 மிமீ நீளம். 2½ அங்குலப் புள்ளியோ 63 மிமீதான். மாட்யூல் உள்ளேயே போகாது. ஒன்று புள்ளியைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் ஒற்றை எல்இடி மாட்யூல் என்று டிராயிங்கில் எழுத வேண்டும். இதைப் பட்டறையில் முடிவு செய்ய விட்டால் புள்ளி மட்டும் இருட்டாக இருக்கும், 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது அரசு சொல்லும் விகிதம். படம் போடும்போதே பிரித்துவிட்டால் பின்னால் கழற்றி மாட்டும் வேலை இல்லை.

படி 3: பட்டறை டிராயிங்

நான்கு காட்சிகள் போதும்: முன்புறம், பக்கவாட்டு, குறுக்குவெட்டு, பிடிமானத்தின் பெரிதாக்கிய விவரம். எல்லா அளவும் மிமீயில் போடுங்கள். வாடிக்கையாளருக்கு வேண்டுமென்றால் மொத்த அளவை மட்டும் அடியில் பக்கத்தில் எழுதலாம். இரண்டையும் கலந்தால் வெட்டுகிற இடத்தில் தகராறு.

ஏசிபி ஷீட் 8 அடிக்கு 4 அடி. ஓரத்தை 2 அங்குலம் மடித்தால் முகத்துக்குக் கிடைப்பது 7 அடி 8 அங்குலத்துக்கு 3 அடி 8 அங்குலம்தான். நம்ம 20 அடிக்கு 4 அடி போர்டை மூன்று ஷீட்டை வரிசையாகப் படுக்க வைத்து முடித்துவிடலாம் என்று நினைத்தால் உயரத்தில் 4 அங்குலம் குறையும். போர்டைக் குறைக்கிறோமா, ஷீட்டை நிமிர்த்தி வைக்கிறோமா, இணைப்புக்கோடு எங்கே விழும், அது எழுத்தின் நடுவே ஓடாமல் இருக்குமா என்பதை டிராயிங்கிலேயே முடித்துவிடுங்கள்.

உள்ளே வரும் எம்எஸ் (சாதாரண இரும்பு) சதுரக் குழாயின் அளவும் தடிமனும், பிரைமர், பெயிண்ட், எழுத்துப் பெட்டியின் அடியில் மழைத்தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை, ஸ்டீல் எழுத்தென்றால் 304 ரகமா 202 ரகமா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். இந்தக் கடைசி விவரத்தை எழுதாமல் விட்டால் விலை குறைந்ததுதான் வந்து சேரும்.

படி 4: காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன ஊர்க்காரர்கள் நாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் வரும் காற்றுதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அந்தக் காற்றுக்கு உங்கள் போர்டு ஒரு பாய்மரம். கணக்குப் போடுவது பொறியாளரின் வேலை என்றாலும், அவர் பேசுவது புரிய இந்த அளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

காற்றுச் சுமைக்கு நம் நாட்டில் ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் பகுதி 3, 2015 பதிப்பைப் பார்ப்பார்கள். அதில் கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50. அழுத்தம் காண, வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6ஆல் பெருக்க வேண்டும். 39 × 39 × 0.6 = 912.6 நியூட்டன். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ, ஒரு சதுர அடிக்கு 8.6 கிலோ.

பல்லடத்துக்கும் இதே 39ஐ வைத்துப் பார்ப்போம். நம்ம கம்பத்து போர்டு 48 சதுர அடி. 48 × 8.6 என்றால் 410 கிலோவுக்கு மேல். இது கீழ்நோக்கி அழுத்தும் எடை கிடையாது. தரையிலிருந்து 17 அடி உயரத்தில் பக்கவாட்டில் தள்ளும் விசை. கம்பம் பிடுங்கிக்கொள்வது இதனால்தான், போர்டின் சொந்த எடையால் இல்லை. அதுவும் இது தொடக்கக் கணக்கு. உயரம், சுற்றுப்புறம், போர்டின் நீள அகல விகிதம் என்று பொறியாளர் பெருக்கும் எண்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் விசை கூடவே செய்யும்.

"பிளக்ஸில் நாலு ஓட்டை போட்டா காத்துப் போயிருமுங்க" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்ன ஓட்டைகளால் விசை பெரிதாகக் குறைவதில்லை. அதை நம்பிக் குழாயின் தடிமனைக் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: பொறியாளரிடம் போவது

உள்ளாட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை வந்த பிறகு தேடினால் அவசரத்துக்கு ஆள் கிடைக்காது. அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது: பட்டறை டிராயிங், இடத்தின் போட்டோக்கள், சுவர் விவரம், ஏசிபி, குழாய், எழுத்து எல்லாம் சேர்ந்த மொத்த எடை, கம்பம் என்றால் மண் விவரம். பல்லடம், உடுமலைப் பக்கம் நிறைய இடங்களில் கரிசல்மண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். செம்மண்ணுக்குப் போட்ட அஸ்திவாரத்தை அங்கே போட முடியாது.

அவர் திருப்பித் தருவது கம்பத்தின் அளவு, பேஸ் பிளேட் (கம்பத்தின் அடித்தகடு), ஆங்கர் போல்ட்டின் விட்டமும் ஆழமும், வெல்டின் அளவு, அஸ்திவாரக் குழியின் நீள அகல ஆழம். இவற்றை அப்படியே டிராயிங்கில் ஏற்றி, அவரிடமே காட்டி, கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் 12 மிமீ போல்ட்டை 10 ஆக்கச் சொல்லி யார் கேட்டாலும் திரும்ப அவரிடம்தான் போக வேண்டும். ஒரு கடைக்கு வாங்கிய முத்திரையை இன்னொரு கடை டிராயிங்கில் ஒட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மோசடி. விழுந்தால் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

படி 6: கரண்ட்

மாட்யூல் எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். 1.5 வாட் மாட்யூல் 120 என்றால் 180 வாட், 12 வோல்ட்டில் 15 ஆம்பியர். எஸ்எம்பிஎஸ்ஸை (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக்கும் பெட்டி) முழுத் திறனுக்கு ஓட்டாமல் 80 சதவீதத்தில் வைத்தால் 225 வாட் வேண்டும். கடையில் கிடைக்கும் 250 வாட் போதும். அதை மழை படாத, ஏணி போட்டு எட்டுகிற இடத்தில் காட்டுங்கள். சட்டத்துக்கு எர்த் ஒயரை மறக்காமல் வரையுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால்

கோவையில் உட்கார்ந்து அமெரிக்க போர்டு கம்பெனிகளுக்கு டிராயிங் போடுவதிலும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கே அளவு அடி, அங்குலம், அங்குலத்தின் பின்னத்தில். காற்றுக்கு ஏஎஸ்சிஇ 7, மின்சாரத்துக்கு என்இசியின் 600ஆம் பிரிவு, ஒளிரும் போர்டுக்கு யுஎல் 48 என்பவைதான் அங்கே பார்க்கும் விதிகள். முத்திரை வைப்பவர் போர்டு நிற்கும் அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற பொறியாளராக இருக்க வேண்டும். நம்ம ஊர்ப் பொறியாளரின் கையெழுத்து அங்கே செல்லாது. "முத்திரை உங்கள் தரப்பில், டிராயிங் என் தரப்பில்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 7: கொடுப்பதும் காசு வாங்குவதும்

தாளின் வலது கீழ்மூலையில் வேலையின் பெயர், இடம், தேதி, அளவு விகிதம், திருத்த எண். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்த எண் கூட வேண்டும், என்ன மாறியது என்று ஒரு வரி இருக்க வேண்டும். வெட்டும் பைலை டிஎக்ஸ்எஃப்பில் கொடுக்கும்போது தமிழ் எழுத்தை எல்லாம் கர்வாக (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிவிட்டுக் கொடுங்கள். பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். டிஎக்ஸ்எஃப்போடு ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்பி, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

பில்லில் படம், பட்டறை டிராயிங், பொறியாளர் கட்டணம் மூன்றும் தனி வரி. மொத்தமாகப் போட்டால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது பொறியாளர் கட்டணம்தான். அது வாடிக்கையாளர் நேரடியாகப் பொறியாளருக்கே கொடுக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. இடத்துக்கு வந்து அளவெடுக்கவும் கட்டணம் உண்டு என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை திருத்தம் இலவசம், எதற்கு மேல் காசு என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி, சரி என்று பதில் வந்த பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.