ரத்த அழுத்த ஆய்வு: கையில் எடுக்கும் முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

தீசிஸுக்குத் தலைப்பு தேடும் முதுநிலை மாணவர்கள் பலர் ரத்த அழுத்தத்தைத்தான் எடுக்கிறார்கள். கருவி கையில் இருக்கிறது, நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த குழிகளிலேயே இவர்களும் விழுவதைப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், அளக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

பூஜ்யத்தில் முடியும் எண்கள்

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் கணக்கெடுத்துத் திரும்பிய மாணவர் ஒருவர் நோட்டை நீட்டினார். 130/80, 140/90, 120/80, 150/100. பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் ஒரு 134 இல்லை, ஒரு 88 இல்லை.

"எல்லாமே பூஜ்யத்தில் முடியுதே, எப்படிப்பா?"

"கிட்டத்தட்ட அவ்வளவுதான் சார் இருந்தது."

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் பதில் இது. பாதரசக் கருவியில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு இருக்கிறது. ஒழுங்காகப் பார்த்து எழுதினால் கடைசி இலக்கமாக 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். உயர் ரத்த அழுத்தத்துக்கு எல்லைக்கோடோ 140/90. 136-ஐ 140 என்று எழுதிவிட்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் நோயாளிகள் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ஒரே ஒரு மருந்து கொடுத்தால் மேல் அழுத்தம் (முதலில் எழுதும் எண்) சராசரியாக 10 மி.மீ. அளவில்தான் குறையும். அந்த வித்தியாசத்தைத் தேடிப் போகிறவர் பத்துப் பத்தாக எழுதினால் எதைக் கண்டுபிடிப்பார்?

சோம்பல் மட்டும் காரணமில்லை, கையும் காரணம். காற்றை நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். திருகைச் சட்டென்று திறந்துவிட்டால் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கிற நேரத்தில் பாதரசம் கீழே ஓடிவிடும், கண்ணுக்கு அகப்படுவது பக்கத்திலிருக்கும் பெரிய எண்தான். இப்படிக் கெட்டுப்போன கணக்கை எந்தப் புள்ளியியலாளராலும் மீட்க முடியாது. திரும்ப அளக்கப் போனபோது காப்பிப் பழம் பறிக்கும் பருவம், காலையிலேயே வீடுகள் பூட்டிக் கிடந்தன.

முதல் நாள் சாயங்காலமே கடைசி இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மறுநாள் மலையேற வேண்டாம், கையைப் பழக்குங்கள்.

காப்பி

ஏற்காட்டில் வீட்டுக்குள் போனதும் காப்பி வரும், அவர்களும் நம்மோடு சேர்ந்து குடிப்பார்கள். காப்பி அழுத்தத்தை ஏற்றிக் காட்டும், அளந்த பிறகு குடியுங்கள்.

கஃப்

கஃப் என்பது கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை. பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

மாத்திரைகள்

2021-லிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வீட்டுக்கே அழுத்த மாத்திரை வருகிறது. அதைச் சாப்பிட்டு 124-க்கு வந்தவரை நோயில்லாதவர் என்று எழுதாதீர்கள்.

அப்புறம், வலி மாத்திரை. சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒருவரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்க" என்றார். இடுப்பு வலிக்கு என்ன செய்வீர்கள் என்றதும் சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த டைக்ளோஃபெனாக் அட்டையை எடுத்தார். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பல அழுத்த மருந்துகளின் வேகத்தையும் குறைக்கும். காரணத்தை ஆராய வந்தவர் கேட்காமல் விடக்கூடாத கேள்வி இது.

உப்பு

"உப்பு நிறைய சேர்ப்பீங்களா?" என்றால் எல்லோரும் "அளவாத்தாங்க" என்பார்கள். மாதம் எத்தனை பாக்கெட் வாங்குகிறார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேர் ஒரு கிலோவைத் தீர்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் கீழே. ஊறுகாயும் தட்டுவடை செட்டும் இந்தக் கணக்கில் வராது. துல்லியமாக வேண்டுமென்றால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து சோடியம் பாருங்கள்.